மருத்துவர் அல்லாதவர் கேட்கும் கேள்வி

மருத்துவ நெறிமுறைக் குழு ஒன்றில் உறுப்பினர் செயலராகப் பல வருடங்களாக இருக்கிறேன். படித்தது மருந்தியல். என்ன வேலை என்று உறவினர்கள் கேட்டால், "ஒரு புது மருந்தையோ சிகிச்சையையோ மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க முதலில் எங்களிடம் அனுமதி வாங்கணும்" என்று சொல்லிவிடுவேன். சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான். ஆனால் இத்தனை நாள் இருந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது வேறொன்று: ஒரு குழு யாரையாவது காப்பாற்றுமா என்பது, அந்த மேஜையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை எவ்வளவு பேச விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மருந்து ஆய்வுகளுக்கான சர்வதேச விதிமுறைகளின்படி குழுவில் குறைந்தது 5 பேர் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது அறிவியல் துறை சாராதவர். ஒருவராவது நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வருபவர். புதிதாகச் சேரும் மருத்துவ உறுப்பினர்கள் பலர் இதை ஒரு சம்பிரதாயமாகத்தான் பார்ப்பார்கள். கூட்டம் நடத்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு ஆள் வேண்டும், அதற்காக ஒருவர் என்று.

ஒருமுறை ஆஸ்துமா மருந்து ஆய்வு ஒன்று வந்தது. புது மருந்தைத் தொடங்கும் முன் நோயாளிகள் வழக்கமான மருந்தை 2 வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். பழைய மருந்தின் தாக்கம் உடம்பில் இருந்தால் புதியதன் பலனை அளக்க முடியாது; அறிவியல்படி நியாயமான ஏற்பாடுதான். ஆய்வில் எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்பதைப் பற்றிப் புள்ளியியல் நிபுணர் கேட்டார். மருத்துவர்கள் டோஸைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான எங்கள் பொதுமக்கள் உறுப்பினர் கேட்டார்: "இந்த ரெண்டு வாரத்துல ராத்திரி மூச்சு முட்டினா, அவங்க யாருக்குப் போன் பண்ணுவாங்க?"

தகவல் தாளில் ஒரு எண் இருந்தது. துறை அலுவலகத்தின் எண். மாலையில் அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆய்வாளர் நல்ல மனிதர், நோயாளிகளிடம் அக்கறை உள்ளவர். அவருக்குமே இது தோன்றவில்லை. திட்டம் திரும்பி வந்தபோது, இரவும் பகலும் எடுக்கப்படும் ஒரு கைபேசி எண் அதில் இருந்தது. அவசரத்துக்கு ஒவ்வொருவர் கையிலும் ஓர் இன்ஹேலர், எந்த அறிகுறி தென்பட்டால் உடனே ஆய்விலிருந்து விடுவித்துப் பழைய மருந்துக்கே திருப்ப வேண்டும் என்ற விதி, இரண்டும் சேர்ந்திருந்தன. இதில் எதற்கும் மருத்துவப் படிப்பு தேவைப்படவில்லை.

இப்படி ஒரு கேள்வி கேட்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 2006 மார்ச்சில் லண்டனில் நடந்த டி.ஜி.என். 1412 ஆய்வை நான் புது உறுப்பினர்களுக்கு எப்போதும் சொல்வேன். மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட மருந்து அது. ஆரோக்கியமான தன்னார்வலர்கள் 8 பேர். 6 பேருக்கு மருந்து, 2 பேருக்கு பிளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலி ஊசி. குரங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500இல் ஒரு பங்குதான் கொடுத்தார்கள். அரசுக் கட்டுப்பாட்டு அமைப்பு, நெறிமுறைக் குழு இரண்டின் அனுமதியும் இருந்தது. ஆனால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே விட்ட இடைவெளி சுமார் 10 நிமிடம்தான். முதல் ஆளுக்குத் தலைவலியும் காய்ச்சலும் தொடங்கி விபரீதம் புரிவதற்குள் 6 பேர் உடம்பிலும் மருந்து ஏறியிருந்தது. 6 பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். உயிர் பிழைத்தார்கள் என்றாலும், ஒருவர் கால் விரல்களையும் கைவிரல்களின் பகுதிகளையும் இழந்தார். "முதல் ஆளுக்கு ஏதாவது ஆனால், இரண்டாவது ஆளுக்கு ஊசி போடும் முன் அது தெரிந்துவிடுமா?" என்று யாரும் கேட்டிருக்கலாம். அதன் பிறகுதான், முதன்முறை மனித ஆய்வுகளில் ஒருவருக்குக் கொடுத்துப் போதிய நேரம் காத்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் அழுத்தமாக இடம்பிடித்தது.

குழு என்று ஒன்று இருந்தாலே போதும் என்று நினைப்பவர்களிடம் டஸ்கீகி பற்றிப் பேசுவேன். அமெரிக்காவின் அலபாமாவில் 1932இல் அரசுப் பொதுச் சுகாதாரத் துறை தொடங்கிய ஆய்வு. ஏறக்குறைய 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். நோயின் பெயரைக்கூட அவர்களிடம் சொல்லவில்லை. 1940களில் பெனிசிலின் வந்து நோய் குணமாகும் என்று ஆன பிறகும் கொடுக்கவில்லை. இந்த அளவுக்குப் பலரும் அறிவார்கள். பலர் அறியாதது, 1969இல் ஒரு நிபுணர் குழு கூடி இந்த ஆய்வைப் பரிசீலித்தது என்பதும், தொடரலாம் என்றே முடிவு செய்தது என்பதும். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறைக்கும் இடம் அதுதான். உட்கார்ந்திருந்தவர்கள் மருத்துவம் நன்கு தெரிந்தவர்கள். அந்த 600 பேரின் பக்கத்திலிருந்து பேச அங்கே யாரும் இல்லை. 1972இல் செய்தி பத்திரிகைகளில் வெளியான பிறகே ஆய்வு நின்றது. நெறிமுறைக் குழு கட்டாயம் என்ற அமெரிக்கச் சட்டம் 1974இல் வந்தது.

மருத்துவமனைகளில் இன்னொரு வகைக் குழுவும் உண்டு. வெண்டிலேட்டரை நிறுத்தலாமா என்பது போன்ற சிகிச்சைச் சிக்கல்களில் ஆலோசனை சொல்லும் குழு. அதன் வேலை தனி. நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் கூட்டங்களில் நான் விடாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒப்புதல் கையெழுத்தை வாங்கப்போவது யார்? பெரும்பாலும் அந்த நோயாளிக்கு வருடக்கணக்காக சிகிச்சை தரும் மருத்துவரேதான் ஆய்வாளராகவும் இருப்பார். அவர் படிவத்தை நீட்டினால் நோயாளி படிக்கவே மாட்டார். "நீங்க சொன்னா சரிதான் டாக்டர்" என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். தனக்கு எது நல்லதோ அதைத்தான் டாக்டர் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று நம்புவார். உண்மையில் அவருக்குப் புது மருந்தா, பழையதா, பிளாசிபோவா என்பதைத் தீர்மானிப்பது கணினியின் குலுக்கல். மருத்துவர் பொய் சொல்லவில்லை, நோயாளியும் ஏமாளி இல்லை. பல வருட நம்பிக்கை குறுக்கே நிற்கிறது. வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை முகம் கொடுத்துப் பேசுவாரோ என்ற பயமும் இருக்கும். அதனால் சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் விளக்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய் யோசிக்க நேரம் தர வேண்டும் என்று கேட்போம். ஆள் சேர்ப்பது தாமதமாகும் என்று ஆய்வாளர்கள் முகம் சுளிப்பார்கள். தாமதமாகட்டும். இதில் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

ஆனால் தாமதம் பற்றிய புகார் முழுக்கவே தவறு என்று சொல்ல மாட்டேன். பழைய மருத்துவக் குறிப்புகளைப் பெயர் நீக்கிப் படிக்கும் ஆய்வை மாதக்கணக்கில் நிறுத்திவைத்து, படிவத்தில் காற்புள்ளி திருத்தும் குழுக்களும் இருக்கின்றன. அந்த நேரமெல்லாம் ஆபத்தான ஆய்வுகளுக்குப் போயிருக்க வேண்டியது. மனம் வைத்தால் வேகமும் சாத்தியம்தான். 2020 மார்ச்சில், கோவிட் சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், திட்டம் எழுதப்பட்டதிலிருந்து முதல் நோயாளி சேர்வதற்கு ஆனது 9 நாட்கள். நெறிமுறை அனுமதி அதற்குள் அடக்கம். டெக்சாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து கோவிட் வந்து வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தெரிந்துவிட்டது.

மனிதர்களிடம் நடக்கும் மருத்துவ ஆய்வுகளுக்காக உலக மருத்துவச் சங்கம் வகுத்த நெறிமுறைகளான ஹெல்சிங்கி பிரகடனத்தின் 2024 திருத்தம், குழுவில் பொதுமக்களில் ஒருவராவது இருக்க வேண்டும், குழுவுக்குப் போதிய வசதிகளும் வேண்டும் என்கிறது. ஆள் இருந்தால் மட்டும் போதாது. நூறு பக்கக் கட்டைக் கடைசி நேரத்தில் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் மருத்துவர்கள் பேசி முடித்த பிறகு "உங்களுக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், யாரும் தலையைத்தான் ஆட்டுவார்கள். எங்கள் குழுவில் இந்த வரிசையை மாற்றினோம். பொதுமக்கள் உறுப்பினர் முதலில் பேசுவார்; அப்புறம் வழக்கறிஞர்; நிபுணர்கள் அதற்குப் பிறகு. முதலில் சிலருக்குப் பிடிக்கவில்லை. போகப்போக நிபுணர்களின் கேள்விகளே மாறின. எத்தனை முறை ஊசி குத்த வேண்டியிருக்கும், வேலைக்குப் போகிறவர் இத்தனை தடவை லீவு போட முடியுமா என்று அவர்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

ஓர் இளம் புற்றுநோய் மருத்துவர் தன் திட்டத்தை எங்களிடம் கொண்டுவரும் முன்பே, சிகிச்சை முடிந்து நலமாக இருக்கும் சிலரிடம் படிக்கக் கொடுத்திருந்தார். அவர்கள் சொன்னதைக் கேட்டு ரத்தம் எடுக்கும் தடவைகளைக் குறைத்திருந்தார்; அறிவியலுக்கு எந்தக் குறையும் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம்: திட்டத்தை நோயாளிகள் யாரிடமாவது காட்டினீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள், அதனால் என்ன மாற்றினீர்கள்? பாதிப் பேர் இன்னும் அதைக் காலியாக விட்டே அனுப்புகிறார்கள். நிரப்பி அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.