பரீட்சை வருஷத்துல பார்ட் டைம் வேலை வேணாமே

சிங்கப்பூர் யீஷூன்ல என்கிட்ட டியூஷன் வர்ற ஒரு பையன், செக் 4 (உயர்நிலை நாலு), பபிள் டீ கடைல ராத்திரி பத்து மணி வரைக்கும் நிக்கிறான், மறுநாள் வந்து மேத்ஸ் பேப்பர எடுத்தா கணக்கு தெரியாம தப்பு வரல, மைனஸ் குறிய விட்டுடறான், கேள்விய பாதி படிச்சிட்டு எழுதுறான், எல்லாம் தூக்கம் பத்தாத தப்பு. "காலு வலிக்குது டீச்சர்"னு சொல்றப்ப திட்ட மனசே வரல.

வேலையே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். ஓ லெவல், அதாவது உயர்நிலைப் பள்ளி முடிவுல எழுதுற பொதுப் பரீட்சை, முடிச்சிட்டு ரிசல்ட் வர்ற வரைக்கும் தாராளமா செய்யட்டும், காசோட அருமை புரியும். ஆனா இங்க சட்டப்படி 15 வயசுல ஸ்கூல் நேரமும் வேலை நேரமும் சேர்த்தே ஒரு நாளைக்கு 7 மணி நேரம் தான், ராத்திரி 11லேர்ந்து காலைல 6 வரைக்கும் வேலையே கூடாது, 16 ஆயிட்டா இந்தப் பாதுகாப்பு போயிடுது, சரியா அந்த வருஷம்தான் நிறைய புள்ளைங்களுக்கு ஓ லெவல். அதான் எனக்கு மனசே ஆறல.

வீட்டுல பணக் கஷ்டம்னா ஸ்கூல் ஆபீஸ்ல கேளுங்க, வருமானம் கம்மியான சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு கல்வி அமைச்சோட நிதி உதவித் திட்டம் இருக்கு, ஃபீஸ், புக், யூனிஃபார்ம் எல்லாம் அதுல வரும். அந்தப் பையனோட அம்மாகிட்டயும் இந்த வாரம் பேசப் போறேன்.