பாம்புப் பெட்டியில் மைட்: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

ஜூன் 9

ரேக்கில் பாம்புப் பெட்டி ஆறு. இரண்டாம் அடுக்கில் இருக்கும் பால் பைதான் (ball python, ஆப்பிரிக்க மலைப்பாம்பு) பகல் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கிறது. சட்டை உரிக்கப்போகும் பாம்பும் இப்படிக் கிடக்கும். ஆனால் அப்போது கண்ணில் பால் படிந்து நீலம் பாரித்திருக்கும். இதன் கண் தெளிவாக இருக்கிறது. கிண்ணத்துத் தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றினால் அடியில் கறுப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருக்கும். டிஷ்யூவில் வைத்து நசுக்கினால் சிவப்புக் கறை. ரத்தம் குடித்த பெண் மைட் (பாம்பின் செதிலிடுக்கில் ஒட்டும் நுண்ணிய ஒட்டுண்ணி), சந்தேகமே இல்லை.

பாம்பின் மேல் தேட வேண்டிய இடங்கள்: கண்ணின் விளிம்பு, உதட்டில் வெப்பம் உணரும் குழிகள், தாடைக்கடியில் நீளமாக ஓடும் மடிப்பு, மலத்துவாரத்தை மூடும் செதில். கார்ன் ஸ்நேக்குக்கு உதட்டுக் குழி கிடையாது. ஈர டிஷ்யூவைக் கழுத்தில் சுற்றிப் பிடித்து வால்வரை இழுத்தால் செதிலிடுக்கில் இருப்பவை சில ஒட்டிக்கொண்டு வரும். உடம்பில் மாவாக வெண்புள்ளி தெரிந்தால் அது மைட்டின் எச்சம்.

ஜூன் 10

மைட் அல்லாததை மைட் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் நிறையப் பேர். இந்தப் பக்கம் பெட்டியில் விரிக்கும் படுக்கைக்குப் பொள்ளாச்சித் தேங்காய் மட்டைச் சில்லும் நார்த்தூளும்தான். ஈரமான சில்லில் வெளிர் நிற மைட் ஒன்று தானாகப் பெருகும். பூஞ்சையையும் மக்கியதையும் தின்னும்; மெதுவாக நகரும்; கிண்ண விளிம்பிலும் ஈர மூலையிலும் கூட்டமாக இருக்கும். அதற்குப் படுக்கையை மாற்றினால் போதும், மருந்து வேண்டாம். தொட்டதும் துள்ளினால் அது ஸ்பிரிங்டெயில், அதுவும் ஒன்றும் செய்யாது. கறுத்தோ செங்கபில நிறத்திலோ இருந்து, பாம்பின் மேலேயே தங்குவதுதான் பாம்பு மைட், ஓபியோனிசஸ் நேட்ரிசிஸ். சந்தேகம் வந்தால் செல்லோடேப்பில் ஒட்டி எடுத்து வெள்ளைத்தாளில் பதித்து, போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

உண்ணி வேறு. சாரையில் அடிக்கடி காணலாம்: தட்டையாக, சில மில்லிமீட்டர் அளவில், வாயைச் செதிலுக்கடியில் குத்தி அசையாமல் இருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். கேரளத்தில் ‘சர்ப்பா’ செயலி வழியாகக் காட்டுப் பாம்பு மீட்கப் போகிறவர்கள் வீட்டில் பால் பைதானும் வைத்திருந்தால், மீட்புப் பையையும் கொக்கியையும் இந்த அறைக்குள் கொண்டுவரவே கூடாது.

ஜூன் 11

மைட் தெரிந்தது ஒரு பெட்டியில். காலி செய்ய வேண்டியது ஆறையும். மைட் நடந்தே பக்கத்துப் பெட்டிக்குப் போகும், நம் சட்டைக் கையிலும் போகும்.

படுக்கை முழுவதையும் பெட்டியருகிலேயே கறுப்புப் பையில் கட்டி, வீட்டுக்குள் உதறாமல் வெளியே கொண்டுபோய் எரித்தாயிற்று. மரத்துண்டு, கார்க் பட்டை, நார்க்கூடு எல்லாம் கூடவே போகட்டும். அவற்றின் துளைகளிலிருந்து முட்டையை எடுக்க வழியில்லை. பிளாஸ்டிக் மறைவிடத்துக்கும் கிண்ணத்துக்கும் கொதிநீர். 55 டிகிரிக்கு மேல் போனால் மைட்டும் முட்டையும் சில நொடிகளில் சாகும். அக்ரிலிக் பெட்டி கொதிநீரில் வளைந்துவிடும். அதற்கு 60 டிகிரி போதும். பிளீச்சிங் கரைசலை நம்பி வெந்நீரை விட்டுவிடக் கூடாது. அது கிருமிக்கு, முட்டைக்கு அல்ல.

பிளைவுட் ரேக்கில்தான் வேலை அதிகம். மைட் முட்டையிடுவது பாம்பின் மேலல்ல. பலகை இணைப்பு, திருகாணித் துளை, மூடியின் உள்மடிப்பு போன்ற இருட்டில். இணைப்புகளை ஆவியால் சுட்டு, காய்ந்தபின் சிலிக்கான் பூசி அடைக்க வேண்டும். சிலிக்கானின் புளிப்பு வாடை முழுக்கப் போகும்வரை ரேக்கில் பாம்பை வைக்கக் கூடாது. ரேக்கின் கால்களுக்கு, பலகார அலமாரிக்கு எறும்பு ஏறாமல் வைப்பதுபோல, சோப்புத் தண்ணீர்க் கிண்ணம்.

இனி படுக்கை வெள்ளைத்தாள் மட்டும். செய்தித்தாளின் எழுத்துக்கு நடுவே மைட்டைத் தேட முடியாது.

ஜூன் 12

மருத்துவர் சொன்னது பிப்ரோனில் 0.25 சதவீத ஸ்ப்ரே, நாய்க்கு விற்பதுதான். பாம்பின் மேல் நேரடியாக அடிக்கக் கூடாது. துணியில் அடித்து, கழுத்துக்குக் கீழிருந்து வால்வரை மெல்லிய பூச்சாகத் துடைக்க வேண்டும். இதில் ஆல்கஹால் இருக்கிறது. ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். தலைக்கு மருந்து கிடையாது. கண் விளிம்பிலும் தாடை மடிப்பிலும் இருப்பதைப் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு மினரல் ஆயில் தொட்டு எடுக்கலாம். பெட்டியின் உட்புறமும் மூலையும் நனைய அடித்து, முழுக்கக் காய்ந்தபின் தாளும் தண்ணீரும். குட்டிக்கும், நீர் வற்றி மெலிந்ததற்கும், சட்டை உரிக்க இருப்பதற்கும் இந்த மருந்து வேண்டாம்.

ஸ்ப்ரேக்குப் பதில் ஐவர்மெக்டின் ஊசி போடலாமா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஒன்றரைக் கிலோ பைதானுக்கு 0.3 மில்லிகிராம். மாட்டுக்கான 1 சதவீத மருந்தில் அது 0.03 மில்லி. இவ்வளவு சின்ன அளவை இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பவர்கள் கவனிக்காத ஒன்று: கடையில் 40 யூனிட், 100 யூனிட் இரண்டும் கிடைக்கும். 100 யூனிட் சிரிஞ்சில் மூன்று யூனிட் என்பதை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் மருந்து இரண்டரை மடங்கு. பால் பைதானுக்கு நரம்புத் தளர்ச்சி வர இது போதும். ஆமைக்கு ஐவர்மெக்டின் எந்த அளவிலும் கூடாது, செத்துவிடும். அதே அறையில் சிவப்புக்காது ஆமைத் தொட்டி இருந்தால் ஸ்ப்ரேயாகக்கூட வேண்டாம். ஊசி மருத்துவர் கையில் இருக்கட்டும்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து வரும் யோசனைகளுக்கும் சேர்த்து இங்கேயே பதில். நுவான் என்று பெயர்பெற்ற டைக்ளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. பழைய புட்டி கிடந்தாலும் பாம்பறைக்குள் வேண்டாம். பாச்சை உருண்டையின் ஆவி மைட்டுக்கு முன் பாம்பைத் தாக்கும். வேப்பெண்ணெய் பட்ட மைட் சாகும், பலகை இடுக்கில் உள்ள முட்டை சாகாது, செதிலும் பிசுபிசுக்கும்.

ஜூன் 15

மருந்து தாங்காத சின்னக் கார்ன் ஸ்நேக்குக்கு வெதுவெதுப்பான நீர், 28 டிகிரி அளவில், உடம்பின் பருமன் மட்டும் ஆழம், அரை மணி நேரம். பக்கத்திலேயே இருக்க வேண்டும். மூழ்கிய மைட் சாகும், மற்றவை தண்ணீருக்கு மேலே இருக்கும் தலைக்கு ஏறும். ஆகவே குளியல் முடிந்ததும் தலையைத் துடைக்காவிட்டால் பாதி வேலைதான்.

ஜூன் 21

தாளில் ஒன்றும் இல்லை. பலரும் நிறுத்திவிடுவது இங்கேதான். இன்று இரண்டாம் பூச்சு.

காரணம் மைட்டின் கணக்கு. முட்டை ஓரிரு நாளில் பொரியும். முதல் பருவம் ரத்தம் குடிக்காது, இரண்டாவது குடிக்கும், மூன்றாவது குடிக்காது, வளர்ந்தது மறுபடி குடிக்கும். 25 முதல் 30 டிகிரியில் முட்டையிலிருந்து பெரிதாக இரண்டு வாரம் சுமார். ஒரு பெண் தன் ஆயுளில் 60 முதல் 80 முட்டை இடும். முதல் மருந்துக்குத் தப்பிய முட்டையிலிருந்து வந்தவை இப்போது பாம்பைத் தேடும். அவை முட்டையிடும் முன் பிடிக்க வேண்டும். பசியோடு இருக்கும் இரண்டாம் பருவம் ரத்தமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேலும் தாங்கும் என்பதால், காலிப் பெட்டியைச் சில நாள் பூட்டி வைப்பதால் பயனில்லை.

பருவமும் மைட் பக்கம்தான். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரமான இங்கே மழை குறைவு, ஆனால் ஜூனில் வீசும் காற்று ஈரமானது. ஈரம் 70 சதவீதம் தாண்டினால் மைட்டுக்குக் கொண்டாட்டம். மார்ச் வெயிலில் இவ்வளவு வேகமாகப் பெருகாது.

ஜூலை 1

மூன்றாம் பூச்சு. இரண்டாம் அடுக்குப் பைதானின் வாய் உட்புறம் வெளிறியிருந்தது தேறி இளஞ்சிவப்பாகிறது. ரத்தச்சோகை உள்ள பாம்புக்கு ஒரேயடியாகப் பெரிய எலி வேண்டாம். வழக்கத்தில் பாதி அளவு எலி, மருந்து பூசி இரண்டு நாள் கழித்து.

ஜூலை 6

மேல் அடுக்குப் பாம்பின் கண் நீலம். மைட்டுக்குப் பயந்து பெட்டியை உலர்த்தினால் சட்டை துண்டு துண்டாக வரும், கண்மூடி (கண்ணை மூடியிருக்கும் தெளிந்த செதில்) ஒட்டிக்கொள்ளும். ஈரத்துண்டு போட்ட மூடிய டப்பாவில் இரவு மட்டும் விட்டு, காலையில் துண்டைக் கொதிநீரில் போட வேண்டும். உரித்த சட்டையைக் குப்பையில் எறியும் முன் கண்மூடியின் ஓரத்தை வெளிச்சத்தில் பார்க்கவும். மைட் மிச்சமிருந்தால் அங்கே சிக்கியிருக்கும்.

ஜூலை 19

புதிதாகப் பாம்பு வாங்குகிறவர்களுக்கு: வேறு அறை, வேறு கொக்கி, வெள்ளைத்தாள், குறைந்தது 60 நாள். தீனியும் சுத்தமும் கடைசியாக அதற்கு, பிறகு நமக்குக் குளியல். பால் பைதான் என்றால், வெளிநாட்டு விலங்குகளைப் பதிவு செய்வதற்கான 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவும் வேண்டும். நம் ஊர்ப் பாம்பை வளர்ப்பது 1972 வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். அதற்கு மைட் மருந்து கேட்டு வர வேண்டாம்.

ஆகஸ்ட் 16

ஜூலை முழுக்கத் தாளிலும் கிண்ணத்திலும் புள்ளி இல்லை. இன்று இரண்டு பெட்டிக்கு மட்டும் தேங்காய்ச் சில்லு, கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் காயவைத்தது. மற்ற நான்கிலும் வெள்ளைத்தாளே தொடரும், துலாமழை (வடகிழக்குப் பருவமழை) முடியும்வரை.