நிற்காத சுருதி: ஒரு பிபிசி மைக்ரோவோடு ஆறு வாரம்

திருநெல்வேலியில் நான் மாதம் ஒருமுறையாவது எட்டிப் பார்க்கும் காயலாங்கடை ஒன்று உண்டு. பழைய வால்வு ரேடியோ, மீட்டர் பெட்டி, பித்தளைத் திருகு என்று ஏதாவது கண்ணில் படும். இந்த முறை ஒரு சாக்குக்குக் கீழே பழுப்பேறிய கீபோர்டு ஒன்றின் முனை தெரிந்தது. மேல் வரிசையில் பத்து சிவப்புப் பொத்தான்கள். படத்தில் மட்டுமே பார்த்திருந்தாலும் எனக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"அண்ணாச்சி, இது எப்ப வந்தது?"

"நேத்துதான் தம்பி. டிவிப் பெட்டி இல்ல, கீபோர்டு மட்டும் கெடக்கு. பிரிச்சு போர்டைத் தனியா எடைக்குப் போடலாம்னு இருந்தேன்."

"டிவிப் பெட்டி தேவையில்ல அண்ணாச்சி. கம்ப்யூட்டரே இதுதான்."

அவர் அதை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். 1,500 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் சிப்பெல்லாம் பிடுங்கப்பட்டு வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

பிபிசி மைக்ரோ, மாடல் பி. கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம், பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காக 1981 டிசம்பரில் வெளியிட்ட இயந்திரம். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர், 32 கேபி மெமரி. இங்கிலாந்துப் பள்ளிக் கணினி இங்கே எப்படி வந்தது? 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது இந்த பிபிசி மைக்ரோவைத்தான். பிறகு மொஹாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இதையே 'யூனிகார்ன்' என்ற பெயரில் நம் நாட்டிலும் தயாரித்தது. என் பெட்டியின் அடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு சரக்கு எண் இருக்கிறது. அதற்கு மேலே எழுதியிருந்த பெயரை யாரோ சுரண்டியிருக்கிறார்கள். ஏதோ ஒரு பள்ளிதான் என்று நினைக்கிறேன்.

திறப்பது எளிது. நான்கு திருகாணிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ஃபிக்ஸ்' என்று பொறித்திருக்கும். அவற்றைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். உள்ளே கரப்பான் முட்டைகள், ஒரு தீக்குச்சி, ஒரு பழைய பத்து பைசா. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, சிப்களின் முதுகில் இருந்த எண்களைப் படிக்க ஆரம்பித்தேன். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். 8423 என்று இருந்தால் 1984-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த சிப் என்று பொருள். என் போர்டில் இருக்கும் கடைசித் தேதி 8431. ஆக, இந்தப் பெட்டி அந்த ஆண்டு ஆகஸ்டுக்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது.

ஆர்வத்தில் உடனே ப்ளக்கைச் சொருகிவிடக் கூடாது. புதிதாக இதில் இறங்குகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான். பவர் சப்ளையில் கரண்ட் உள்ளே வரும் இடத்தில், தேன் நிற உறைக்குள் காகிதம் சுற்றிய இரண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கும்: ஒன்று 0.1, இன்னொன்று 0.01 மைக்ரோஃபேரட். நாற்பது வருடத்தில் உறை கீறல் விட்டு, ஈரம் காகிதத்துக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு 230 வோல்ட் கொடுத்தால் வெடித்து அறை முழுக்கப் புகை. என் பெட்டியில் இரண்டுமே காய்ந்த கண்மாய் மண் மாதிரி பாளம் பாளமாக வெடித்திருந்தன. இரண்டையும் எடுத்துவிட்டு, அதே அளவில் எக்ஸ்-2 தரத்துப் பிளாஸ்டிக் ஃபிலிம் கெப்பாசிட்டர் வைத்தேன். இரண்டும் சேர்ந்து அறுபது ரூபாய்க்குள் முடிந்தது.

அப்புறம் போர்டுக்குப் போகும் வயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, பவர் சப்ளையை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு போர்டு வழியாகத்தான் கரண்ட் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். 5 வோல்ட் பக்கம் சும்மா விடாமல், கார் பின்விளக்கில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டினேன். சீரிஸ் பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. மல்டிமீட்டரில் 5.02.

போர்டை இணைத்து, ஸ்விட்சைப் போட்டேன்.

'ம்ம்ம்ம்' என்று ஒரு தாழ்ந்த ஒலி. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு இருப்பாரே, அது மாதிரி. நிற்கவே இல்லை. திரையில் எதுவும் இல்லை. ஆனால் எனக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் இந்தச் சத்தத்துக்கு அர்த்தம் உண்டு. பெட்டியில் இருக்கும் சவுண்டு சிப், எஸ்.என். 76489, கரண்ட் வந்ததும் தன்பாட்டுக்கு ஊத ஆரம்பிக்கும். பிராசசர் விழித்து, ரோமில், அதாவது கரண்ட் போனாலும் அழியாத நினைவகச் சிப்பில், இருக்கும் முதல் கட்டளைகளை ஓட்டி, 'வாயை மூடு' என்று சொன்னால்தான் நிறுத்தும். நல்ல நிலையில் இருக்கும் பிபிசியில் 'பூ' என்று தாழ்ந்து ஒன்று, 'பீப்' என்று உயர்ந்து ஒன்று, அவ்வளவோடு முடிந்துவிடும். என் பெட்டியில் 'பூ' வந்தது, 'பீப்' வரவில்லை. இடையில் எங்கோ பேச்சு அறுந்திருக்கிறது.

இரண்டு வாரம் தவறான இடங்களில் தேடினேன். சாக்கெட்டில் இருக்கும் சிப்களின் கால்கள் கறுத்திருந்தன, அதனால் முதல் சந்தேகம் அங்கே. தட்டை ஸ்க்ரூடிரைவரை ஒரு முனையில் கொஞ்சம், மறுமுனையில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்து ஒவ்வொன்றாக எழுப்பி, ஆல்கஹாலால் துடைத்துத் திரும்பப் பொருத்தினேன். மாற்றம் இல்லை. போர்டில் ஐசி 51 என்று எண்ணிட்ட இடத்தில் இருக்கும் ஓஎஸ் ரோமை எடுத்து, சிப்பைப் படிக்கும் புரோகிராமர் கருவியில் 27128 வகை என்று சொல்லிப் படித்து, மூலப் பிரதியோடு ஒப்பிட்டேன். 16 கேபியில் ஒரு பைட் கூடப் பிசகவில்லை. நாற்பது வருடத்துக்கு முன் பதித்த எழுத்து!

பிறகு, சிப்பின் காலில் சிக்னல் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா, துடிக்கிறதா என்று காட்டும் லாஜிக் புரோபை எடுத்து 6502-இன் கால்களைத் தொட்டுப் பார்த்தேன். 40-ஆவது கால் ரீசெட், அது உயர்ந்து நின்றது, சரி. 37-இல் கிளாக் துடித்தது. 7-ஆவது கால், பிராசசர் ஒவ்வொரு கட்டளையை எடுக்கும்போதும் துள்ளுவது; அதுவும் துள்ளியது. ஆக பிராசசர் உயிரோடு இருக்கிறது, ஏதோ ஓட்டிக்கொண்டும் இருக்கிறது. ஆனால் அது 'நிறுத்து' என்று சொல்வது சவுண்டு சிப்புக்குப் போய்ச் சேரவில்லை.

அந்தச் செய்தி எந்த வழியாகப் போகிறது என்று சர்க்யூட் படத்தில் விரலை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெளிந்தது. பிபிசி மைக்ரோவில் பிராசசர் சவுண்டு சிப்போடு நேராகப் பேசுவதில்லை. ஐசி 3-ல் இருக்கும் 6522 என்ற சிப்தான் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கிறது. கீபோர்டும் அதே வழிதான். இதே 6522 இன்னொன்று ஐசி 69-இல் உண்டு, அது பிரின்டருக்கும் வெளிச் சாதனங்களுக்கும். அது இல்லாமலேயே பெட்டி ஓடும். என் அதிர்ஷ்டம், என் போர்டில் இரண்டும் சாக்கெட்டில் இருந்தன. இடம் மாற்றிப் போட்டேன்.

பூ. பீப்.

இரவு பதினொன்றரை மணி. டிவியில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே', அடுத்து 'பேசிக்', அதற்கும் கீழே > என்ற குறி. 32கே என்று வந்தது பெரிய நிம்மதி. மெமரி 16 கேபியா, 32 கேபியா என்று பார்த்துவிட்டுத்தான் அது அப்படிச் சொல்கிறது. புரோகிராமுக்கான இடத்தின் மேல் எல்லையான ஹைமெம்மிலிருந்து அதன் தொடக்கமான பேஜைக் கழித்து அச்சிடச் சொன்னேன். 28160 என்று வந்தது. நான் எழுத இருந்த புரோகிராமுக்கு அத்தனை பைட்டும் என் வசம்.

செத்துப்போன 6522-க்கு மாற்று தேடியபோது கற்றது ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சிப் இன்றும் புதிதாகத் தயாராகிறது, ஆனால் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். 'எஸ்' என்று முடிவது, பிராசசரின் கவனத்தைக் கூப்பிடப் பல சிப்கள் பகிர்ந்துகொள்ளும் இன்டரப்ட் கம்பியைத் தானே உயரே பிடித்துக்கொள்ளும், மற்றவை கீழே இழுக்க முடியாது. பழைய பெட்டிகளுக்கு 'என்' என்று முடிவதுதான் பொருந்தும். ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

டிஸ்க் டிரைவ் என்னிடம் இல்லை. இந்தப் பெட்டி டேப் ரிக்கார்டரில் 1200 பாட் (நொடிக்கு 1200 பிட்) வேகத்தில் எழுதிப் படிக்கும். டேப்புக்குப் பதில் மொபைலை மாட்டினேன். முதலில் எழுதியதைத் திரும்பப் படிக்க வைத்தபோது 'டேட்டா?', 'ரீவைண்ட் டேப்' என்று மாறி மாறி வந்தது. மொபைலில் இருந்த ரிக்கார்டிங் ஆப், இரைச்சலைக் குறைப்பதாக நினைத்து என் புரோகிராமையே குறைத்துக்கொண்டிருந்தது. அந்த வசதியை அணைத்துவிட்டு, சுருக்காத வேவ் கோப்பாகப் பதிந்ததும் சரியாகிவிட்டது. இந்த பிபிசியின் வன்பொருளை வடிவமைத்த ஸ்டீவ் ஃபர்பரும், பேசிக்கை எழுதிய சோஃபி வில்சனும்தான் பின்னால் அதே ஏகார்னில் ஆர்ம் பிராசசரை உருவாக்கினார்கள். முதல் ஆர்ம் சிப் 1985-இல் ஓடியது. என் மொபைலுக்குள் இருப்பதும் அந்த வம்சம்தான். பேரன் ஊத, பாட்டி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஐந்தாவது வாரம் நான் ரொம்ப நாளாக ஆசைப்பட்டதில் இறங்கினேன்: இதில் தமிழ் வரவேண்டும்.

இந்தப் பெட்டி திரையைக் காட்டும் விதங்களுக்கு 'மோட்' என்று பெயர். தொடக்கத் திரையான மோட் 7-ல் முடியாது. அதன் எழுத்துகள் எஸ்.ஏ.ஏ. 5050 என்ற சிப்புக்குள்ளேயே பதிந்தவை. மோட் 4-ல் முடியும். வி.டி.யூ 23 என்ற கட்டளையோடு ஓர் எண்ணையும் எட்டு வரிக்கு எட்டு மதிப்புகளையும் கொடுத்தால், எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நாமே ஓர் எழுத்தை வரையலாம். நம் வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் போடுவது போலத்தான். கட்டம் போட்ட நோட்டில் வரைந்து, ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து கட்டங்களுக்கு 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு வைத்து, கறுப்பாக்கியவற்றைக் கூட்டி எண்ணாக்க வேண்டும்.

கூடுதல் மெமரியைத் தொடாமல் 224 முதல் 255 வரை 32 எழுத்துகளுக்கு இடம் உண்டு. உயிர் 12, மெய்க்கு அகரமேறிய வடிவம் 18, ஆய்தம் 1. மொத்தம் 31. மிச்சம் இருக்கும் ஒரே இடத்தில் புள்ளி! இந்தக் கணக்கு பொருந்தியதும் நோட்டை மூடிவைத்துவிட்டு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.

புள்ளியை ஒரு தனி எழுத்தாக வைத்தால் க், ங், ச் என்று பதினெட்டையும் மறுபடி வரைய வேண்டாம். வி.டி.யூ 5 கொடுத்தால் எழுத்துகள் படம் போல விழும், கீழே இருப்பதை அழிக்காது. ககரத்தை அச்சிட்டு, வி.டி.யூ 8-ஆல் ஒரு படி பின்னே வந்து, அதன் மேல் புள்ளியை அச்சிட்டால் க் ஆகிவிடும். கையால் எழுதும்போது நாம் செய்வதும் இதுதானே. புள்ளி உட்கார இடம் வேண்டும் என்பதால் எல்லா எழுத்துக்கும் மேல் இரண்டு வரியைக் காலியாக விட்டேன். பகரம்: 0, 0, 130, 130, 130, 130, 254, 0. டகரம்: 0, 0, 128, 128, 128, 128, 254, 0. புள்ளி: 16, பிறகு ஏழு பூஜ்யம்.

வளைவு அதிகம் இல்லாத எழுத்துகளால் ஆன சொல் ஒன்றைத் தேடினேன். முதன்முதலாக அந்தத் திரையில் வந்த தமிழ்ச் சொல்: பட்டம். டகரத்தின் மேல் புள்ளி அச்சாகப் போய் உட்கார்ந்தது.

துணைக்காலுக்குத் தனி இடம் இல்லை, அதற்கு ரகரத்தையே பயன்படுத்துகிறேன். ஏட்டுச்சுவடியில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் எனக்கு இதில் உறுத்தல் இல்லை. கொம்பு, சுழி, விசிறி எல்லாவற்றுக்கும் ஸ்டார் எஃப்எக்ஸ் 20 கொடுத்து மெமரியில் கூடுதல் இடம் எடுக்கத்தான் வேண்டும். மோட் 4-ல் எனக்கு இருப்பது 18944 பைட், தாங்கும்.

இப்போதைக்கு 21 எழுத்துகள் முடிந்திருக்கின்றன. ணகரத்தில் நிற்கிறேன். மூன்று சுழி, கடைசியில் கீழே இறங்கும் கோடு, எல்லாம் எட்டுக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. மூன்று விதமாக வரைந்து பார்த்தேன், மூன்றும் னகரமாகவே தெரிகிறது. பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து இரட்டை அகலத்தில் போட்டுப் பார்க்கப் போகிறேன். கீபோர்டில் 'எச்' பொத்தான் இன்னும் இரண்டு முறை அடித்தால் ஒரு முறைதான் விழுகிறது, அதையும் கழற்ற வேண்டும்.