கொறங்காட்டு வேலமரத்தடியில

ஜூன் 8, ஞாயிறு

காங்கயம் பக்கம் அப்புச்சி ஊருல இருக்கேன். பஸ்ல வர்றப்பவே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, நாளைக்கு ஆபீஸ்ல என்ன கேப்பாங்களோ, எதுக்கு மீட்டிங் போட்டாங்களோன்னு அதே நெனப்புதான். மத்தியானம் சாப்புட்டு கொறங்காட்டுக்குப் போயிட்டேன். தெரியாதவங்களுக்குச் சொல்றேன், கொறங்காடுன்னா ஆடு மாடு மேய விடற மானாவாரிக் காடு, சுத்தியும் கிளுவை வேலி, உள்ள கொழுக்கட்டைப்புல்லு, அங்கங்க வெள்வேல மரம். பார்க்கு மாதிரி பச்சைப்பசேல்னெல்லாம் இருக்காது, இப்ப பாதி காஞ்சுதான் கெடக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வேற ஆரம்பிச்சிருச்சு. ஆடுக வேலங்காயத் தேடித் தேடித் திங்கறதையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், மூச்சு எப்ப சீராச்சுன்னே தெரியல.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர்கிட்ட இதைச் சொன்னேன். நல்லது, போ, ஆனா மாத்திரையை நீயா நிறுத்தாதன்னாங்க. 2015-ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு ஆளுக பண்ணுன ஆராய்ச்சி ஒண்ணு படிச்சேன். 90 நிமிஷம் புல்லு மரம் இருக்கற எடத்துல நடந்தவங்களுக்கு, ஒரே கவலைய திரும்பத் திரும்ப மனசுல ஓட்டிட்டே இருக்கறது கொறஞ்சுதாம், வண்டி போற ரோட்டுல நடந்தவங்களுக்கு கொறையலியாம். சின்ன ஆராய்ச்சிதான், ஆனா எனக்கு நோவே அதுதானே, ராத்திரி 2 மணிக்கு என்னைக்கோ யாரோ சொன்ன ஒரு வார்த்தை வந்து உக்காந்துக்கும்.

ஜூன் 14, சனி

சிங்காநல்லூர் குளக்கரை. கூழைக்கடா பாத்தேன், மனசு நல்லாத்தான் இருந்துச்சு, அப்பறம் பக்கத்துல ரெண்டு பேரு வந்து நின்னு மொறைச்சுப் பாத்துட்டே இருந்தாங்க, எந்திரிச்சு வந்துட்டேன். எனக்குக் கோவமா வருது. மரம் நட்டா மட்டும் பத்தாதுங்க, ஒரு பொண்ணு தனியா உக்காந்தா யாரும் என்ன ஏதுன்னு பாக்காத எடமா இருக்கோணும், இல்லீன்னா அங்கயும் அதே படபடப்புதான். வாரத்துக்கு 120 நிமிஷம் வெளிய பச்சையில இருந்தவங்க நல்லா இருக்கறதா சொல்றாங்கன்னு இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேர்கிட்ட எடுத்த 2019 ஆய்வு சொல்லுது, ஒரேடியா இருந்தாலும் பிரிச்சு இருந்தாலும் சரியாம். நல்லா இருக்கறவங்கதான் வெளிய அதிகம் போறாங்களோன்னும் கேக்கலாம், அதுக்கு அந்த ஆய்வுல பதில் இல்ல.

ஜூன் 17, செவ்வாய்

ரூம்ல கூட இருக்கற புள்ள ராத்திரி பூரா அழுதுச்சு. மரத்தடிக்குப் போன்னு சொல்ற நேரமில்ல அது. 14416-க்கு போன் போட்டுக் குடுத்தேன், டெலி மானஸ்னு கவர்மெண்டோட மனநல உதவி நம்பர், காசு கிடையாது, தமிழ்லயே பேசறாங்க. நீங்களும் நம்பரை சேவ் பண்ணி வெச்சுக்கங்க.

ஜூன் 22, ஞாயிறு

அந்தப் புள்ளையையும் ஊருக்குக் கூட்டியாந்தேன். அம்மாயி ஒண்ணுமே கேக்கல, "வா கண்ணு, சாப்புடு"ன்னதோட சரி. பொழுதோட ரெண்டு பேரும் வேலி ஓரமாவே நொம்ப நேரம் நடந்தோம், பேசவே இல்ல. பக்கத்துக் கொறங்காட்ட சைட் போட்டுட்டாங்க, மரத்தையெல்லாம் வெட்டி கல்லு நட்டிருக்கு. நம்முளுத விக்கறதா இருந்தா மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்கப்புச்சின்னு சொல்லிட்டுத்தான் பஸ் ஏறுனேன்.