டிவியை 20 அங்குலம் கீழே இறக்கினேன்

எங்கள் ஹாலில் இருப்பது 43 அங்குல டிவி. வாங்கியபோது மாட்ட வந்தவர் நின்றபடியே பார்த்துக் குறி போட்டார். நானும் பக்கத்தில் நின்றுகொண்டு சரி என்றேன். திரையின் நடு, தரையிலிருந்து 62 அங்குலத்தில் போய் நின்றது. அம்மா பாயில் உட்கார்ந்து சோபாவில் சாய்ந்துதான் பார்ப்பார். இரண்டே மாதத்தில் "பின்கழுத்து இழுக்குதுடா" என்று தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

போன சனிக்கிழமை டேப்பை எடுத்தேன். சோபாவில் உட்கார்ந்தால் என் கண் உயரம் 41 அங்குலம், பாயில் அம்மாவுக்கு 29. அவருக்கும் சுவருக்கும் 7 அடி. திரையின் நடுவைப் பார்க்கவே அவர் 21 டிகிரி அண்ணாந்திருக்கிறார். மேல் விளிம்புக்கு 27. பதினைந்துக்குள் இருந்தால்தான் கழுத்துக்குச் சுகம் என்பார்கள். இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று மனசு கஷ்டமாகிவிட்டது.

செய்தித்தாளை டிவி அளவுக்கு, 38க்கு 22 அங்குலமாக ஒட்டிச் சுவரில் மாட்டிப் பார்த்தேன். நடு 48இல் இருந்தால் அம்மாவின் தலை மறுபடி பின்னால் சாய்ந்தது. 36இல் அக்காவின் மூன்று வயது மகன் ஓடிவந்து தாளைப் பிய்த்துவிட்டான். 42 இருவருக்கும் ஒத்துவந்தது. எனக்குக் கண்ணுக்கு நேர், அம்மாவுக்கு 9 டிகிரிதான். இரண்டு நாள் தாளை அப்படியே விட்டு வைத்தேன். இதை எல்லாரும் செய்ய வேண்டும். சுவரில் ஓட்டை போட்டபின் யோசித்துப் பயனில்லை.

டிவியைக் கழற்றிக் கட்டிலில் போர்வை விரித்துக் கவிழ்த்தபோதுதான் ஒன்று தெரிந்தது. பின்பக்கத்து நான்கு திருகு ஓட்டைகளின் நடு, டிவியின் நடுவில் இல்லை. 2 அங்குலம் கீழே இருக்கிறது. அப்படியானால் டிவியைச் சுவரில் தாங்கும் பிராக்கெட்டின் நடு 40இல்தான் வரவேண்டும். பென்சில் குறியை அழித்துத் திருத்தினேன்.

மெயினை அணைத்துவிட்டு பிளக் பாயின்ட்டின் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒயர் குழாய் மேலிருந்துதான் இறங்குகிறது, கீழே போகவில்லை. அப்புறம் தைரியமாக 10 மில்லிமீட்டர் டிரில் பிட்டைப் போட்டேன். முதலில் பூச்சின் சாம்பல் நிறப் பொடி, பிறகு செங்கலின் சிவப்புப் பொடி. ஒரு ஓட்டையில் மட்டும் சிவப்பே வரவில்லை, பிட் பொசுக்கென்று உள்ளே போனது. செங்கல் இடுக்கு. அதில் திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் நிற்காது; பிராக்கெட்டை ஓர் அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தி, ரசமட்டம் வைத்துப் புதிதாகக் குறித்தேன்.

எதிர்பாராத லாபமும் உண்டு. எதிர்ச்சுவர் டியூப்லைட் முன்பெல்லாம் திரை நடுவில் வெள்ளைக் கோடாக விழும். இப்போது விழவில்லை.

அம்மா நேற்று இரவு சீரியல் முடியும்வரை கழுத்தில் கை வைக்கவே இல்லை. பழைய ஓட்டைகளைப் புட்டி வைத்து அடைத்தாயிற்று. மேலிருந்து தொங்கும் ஒயருக்கு வெள்ளை கேசிங் வாங்க வேண்டும், பெயிண்ட் வேலை ஞாயிற்றுக்கிழமை.