ஜார்ஜ்டவுனா, நோட்டர் டேமா?

அமெரிக்காவின் இந்த ரெண்டு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களிலும் பிள்ளைக்கு அட்மிஷன் வந்துவிட்டதா? முதலில் தரவரிசைப் பட்டியலை மூடி வையுங்கள்.

இன்ஜினியரிங் என்றால் பேச்சே இல்லை, நோட்டர் டேம்தான். ஜார்ஜ்டவுனில் இன்ஜினியரிங் கல்லூரியே கிடையாது. வெளியுறவுத் துறை கனவா? 1919-இல் தொடங்கிய ஜார்ஜ்டவுனின் வால்ஷ் கல்லூரிக்கு ஈடு சொல்வது கஷ்டம். ஜார்ஜ்டவுன் வாஷிங்டனிலேயே இருப்பதால், வகுப்பு நடக்கும்போதே காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்ற அலுவலகங்களில் இன்டர்ன்ஷிப் செய்யலாம். ஆனால் வால்ஷில் பட்டம் வாங்க ஒரு வெளிநாட்டு மொழியில் தேர்ச்சி காட்டியாக வேண்டும். மொழி வகுப்பை முதல் வருஷமே எடுக்காவிட்டால் கடைசியில் திணறல்தான்.

இறையியலில் ரெண்டு பாடம் இரு இடத்திலும் கட்டாயம், எந்த மதத்தவருக்கும்.

வாழ்க்கையை மாற்றுவது விடுதி. நோட்டர் டேமில் ஆறு செமஸ்டர் வளாகத்திலேயே தங்கணும். ஆண்கள், பெண்கள் விடுதிகள் தனித்தனி, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிற்றாலயம். பிள்ளைக்கு இது பிடிக்குமா என்று இப்போதே கேளுங்கள். நோட்டர் டேமை ஏப்ரலில் போய்ப் பார்த்தால் மிச்சிகன் ஏரி கொண்டுவரும் பனியின் கனம் தெரியாது. ஜார்ஜ்டவுன் வாசலிலோ மெட்ரோ நிலையம் இல்லை; ஆற்றுப் பாலம் தாண்டி ரோஸ்லின் நிலையத்துக்குப் போகணும்.

மே 1-க்குள் முன்பணம் கட்டுமுன், உதவித்தொகைக் கடிதத்தில் கடனையும் வளாக வேலைச் சம்பளத்தையும் கழித்துவிட்டு, திருப்பிக் கட்ட வேண்டாத தொகையை மட்டும் ஒப்பிடுங்கள்.