டர்போவைக் கழற்றும் முன் காற்றைக் கணக்குப் பாருங்கள்

"ஏனுங்க, முன்ன மாதிரி வண்டி இழுக்கறதே இல்லைங்க. மேடு வந்தா மூணாவது கியர்லயே முக்குதுங்க." கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கத்து டீசல் கார் ஒர்க்ஷாப்புகளுக்குப் பழகிப்போன புகார் இது. ஸ்கேனரைச் செருகினால் பி0299 என்று வரும். பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவு. அதைப் பார்த்தவுடன் "டர்போ போயிருச்சு" என்று எஸ்டிமேட் போட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கேட்ட அழுத்தம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) வந்து சேரவில்லை என்பதற்கு மேல் அந்தக் கோட் எதுவும் சொல்வதில்லை. கிழிந்த ஹோஸ், எலி கடித்த வேக்கம் (காற்றை உறிஞ்சி இழுக்கும்) குழாய், கரி அடைத்த சென்சார் எதுவானாலும் இதே கோட்தான் வரும். டர்போவின் விலைக்கு முன்னால் இந்தச் சோதனைகளுக்கு ஆகும் அரை நாள் ஒன்றுமே இல்லை.

முதலில் அளக்கிற கருவி சரியா என்று பாருங்கள். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், மேப் சென்சாரின் (இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தை அளப்பது) அளவைப் படியுங்கள். காற்று நிற்கும் நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், அதனால் 96, 97 கிலோபாஸ்கல் வரும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 77, 78தான். கோவையில் நிற்கிற வண்டி 88 காட்டினால் சென்சாரைக் கழற்றுங்கள். மூக்கில் எண்ணெயும் கரியும் பசைபோல அப்பியிருக்கும். சுத்தம் செய்தும் அளவு மாறவில்லையென்றால் சென்சாரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். போனோடு இணைகிற மலிவு ஓபிடி கருவி (இசியூவின் அளவுகளைப் படிப்பது) வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: பொதுவான மேப் அளவு 255 கிலோபாஸ்கலுக்கு மேல் காட்டாது. அதோடு, இசியூ எவ்வளவு பூஸ்ட் கேட்கிறது என்பதைப் பல பழைய வண்டிகளில் அந்தக் கருவியால் படிக்க முடியாது. அதற்கு அந்தக் கம்பெனி வண்டிகளுக்கான ஸ்கேனர் வேண்டும்.

அடுத்து ஓட்டிப் பார்ப்பது. இதற்கு மலைப்பாதை வேண்டாம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் வால்பாறை ரோட்டின் 40 வளைவுகளிலும் ஒரு முழு இழுவைக்கு இடமே கிடைக்காது, ஆபத்தும்கூட. சேலம்–கோவை நெடுஞ்சாலையில் போக்குவரத்து குறைந்த நேரத்தில், ஒருவர் ஓட்ட, பக்கத்தில் ஒருவர் பதிவு செய்ய, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு செய்யுங்கள். மூன்றாவது கியர், 1,500 ஆர்பிஎம், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து 3,500 வரை. சின்ன டீசல் கார்களில் அப்போது வேகம் 80 கி.மீ. சொச்சம் இருக்கும். பதிவில் ஆர்பிஎம், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், ஏர் மாஸ் (உள்ளே வரும் காற்றின் எடை), இன்டேக் காற்றின் வெப்பம், ஆக்சுவேட்டர் (டர்போவின் பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி) சதவீதம் ஆகியவை இருக்க வேண்டும். ஊட்டிக்குப் போனால் மட்டும் இழுவை குறைகிறது என்பவர்களின் வண்டியில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். மெல்லிய காற்றில் அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ மிக அதிக வேகத்தில் சுற்ற வேண்டும், அதைத் தடுக்க இசியூவே பூஸ்ட்டைக் குறைத்துக் கேட்கும்.

பதிவு கையில் வந்ததும் பெரும்பாலோர் கேட்ட பூஸ்ட்டையும் வந்த பூஸ்ட்டையும் மட்டும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஏர் மாஸ் அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் கோளாறு எந்தப் பக்கம் என்பது தெரியும். கணக்கு எளிது. நம்மூரில் நிறைய ஓடும் 1,248 சிசி டீசலை எடுத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர், ஒரு சிலிண்டருக்கு 312 சிசி. மேப் 220 கிலோபாஸ்கல், காற்றின் வெப்பம் 50 டிகிரி என்றால், 220-ஐ 0.287-ஆல் (காற்றுக்கான மாறிலி) வகுத்து, வந்ததை 323-ஆல் (273 + 50) வகுங்கள். லிட்டருக்கு 2.37 கிராம். 312 சிசிக்கு 740 மில்லிகிராம். சிலிண்டர் முழுதாக நிரம்பாது, 85 முதல் 90 சதவீதம் நிரம்பும் என்று வைத்தால் ஒரு ஸ்ட்ரோக்குக்கு 630 முதல் 670 மில்லிகிராம். கருவி விநாடிக்கு எத்தனை கிராம் என்று காட்டினால், 3,000 ஆர்பிஎம்மில் அது 65 கிராம் அளவுக்கு வரும்.

இப்போது மேப் 180-க்கு விழுந்திருக்கிறது, ஏர் மாஸ் 700 காட்டுகிறது என்று வையுங்கள். 180-க்கு உள்ளே போகக்கூடியது 545 மில்லிகிராம்தான். மீதி 155 எங்கே? ஏர் மாஸ் சென்சாரைத் தாண்டி, டர்போவால் அழுத்தப்பட்டு, இன்ஜினுக்குள் போகாமல் வழியில் வெளியேறுகிறது. வராத காற்றை வந்ததாக நம்பி இசியூ டீசலை ஊற்றுவதால் கரும்புகை வரும். டர்போ நன்றாக வேலை செய்கிறது, ஹோஸையோ இன்டர்கூலரையோ பாருங்கள்.

மேப் 180, ஏர் மாஸும் 540 என்றால் இரண்டும் பொருந்துகின்றன. கசிவு இல்லை, டர்போ தள்ளவே இல்லை. வேக்கம், வேன் (டர்பைனைச் சுற்றி உள்ள, திரும்பக்கூடிய சின்னத் தகடுகள்), எக்ஸாஸ்ட், அடைத்த ஃபில்டர் என்று தேட வேண்டும். மேப் 220 வருகிறது, ஏர் மாஸ் மட்டும் 500 என்றால் சென்சார் அழுக்கு, அல்லது சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே வெளிக்காற்று புகுகிறது, அல்லது இஜிஆர் வால்வு (எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை மறுபடி இன்டேக்குக்கு அனுப்புவது) மூடவில்லை. இந்த மூன்றில் முதல் இரண்டிலும் புகை இருக்காது, இழுவை மட்டும் இருக்காது, ஏனென்றால் குறைந்த காற்றுக்கு ஏற்றபடிதான் டீசல் போகும். நடுவே புகும் காற்று ஃபில்டர் வழியாக வராத காற்று என்பதை மறக்க வேண்டாம். கிரஷர் தூசியும் எம்-சாண்ட் லாரிகளின் தூசியும் கம்ப்ரசர் இறக்கையைத் தேய்த்தே தீர்க்கும். அந்த ஹோஸை அன்றைக்கே மாற்றுங்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த ஸ்மோக் மெஷின் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். டர்போவின் கம்ப்ரசர் வாயில் வரும் ஹோஸைக் கழற்றி, அந்த வாய்க்கு ஏற்ற பிவிசி எண்ட் கேப் ஒன்றில் ட்யூப்லெஸ் டயர் வால்வைப் பொருத்தி, சிலிக்கான் ஹோஸ் துண்டும் கிளிப்பும் போட்டு இறுக்குங்கள். 50 அல்லது 63 மி.மீ. கேப் பெரும்பாலும் ஒத்துவரும், ஆனாலும் அளந்துவிட்டு வாங்குங்கள். கம்ப்ரசரை நேராக இணைக்காமல் ரெகுலேட்டர் வைத்து 0.5 பாரில் ஆரம்பியுங்கள், 1 பாரைத் தாண்ட வேண்டாம். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். வால்வு திறந்திருக்கும் சிலிண்டர் வழியாகக் கொஞ்சம் காற்று கீழே இறங்கும், மூடி இறுகியிருந்தால் அந்த அழுத்தம் ஆயில் சீலைத் தள்ளிவிடும். பிறகு ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர். ஹோஸ்களின் அடிப்பக்கத்தைக் கையால் அழுத்தி வளைத்துப் பாருங்கள், ஃபேன் கூடோடு உரசுகிற இடத்தில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். இன்டர்கூலரில் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பு அடுத்த சந்தேகம். சைலன்சர் வாயில் காற்று வந்தால் கிராங்கைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையென்றால் இஜிஆர் வால்வு திறந்து கிடக்கிறது. ஹோஸ் உள்ளே லேசான எண்ணெய்ப் பூச்சு இருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், பிரீதர் (இன்ஜினின் ஆயில் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக வருவது அது. இணைப்பின் வெளியே ஈரமாகத் தூசி ஒட்டியிருந்தால் அங்கே கசிகிறது.

கசிவு இல்லை, டர்போதான் தள்ளவில்லை என்றால் விஜிடி (வேன்களைத் திருப்பி பூஸ்ட்டை மாற்றும் டர்போ) வண்டிகளில் வேக்கத்துக்கு வாருங்கள். பெரும்பாலான வேக்கம் ஆக்சுவேட்டர்களில் வேக்கம் இழுத்தால்தான் வேன்கள் குறுகி பூஸ்ட் ஏறும், வேக்கம் கசிந்தால் பூஸ்ட் விழும். பெட்ரோல் டர்போக்களில் பலவற்றில் இது தலைகீழ்: வேஸ்ட்கேட்டை (எக்ஸாஸ்ட் வாயுவை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) அழுத்தம் திறக்கிறது, அதன் குழாய் கழன்றால் பூஸ்ட் ஏறிப்போகும், கேட் திறந்தபடி சிக்கினால்தான் குறையும். இரண்டையும் குழப்பிக்கொண்டு தேடினால் ஒருநாள் முழுக்க வீண்.

வேக்கம் பம்ப் ஐடிலில் 0.8 பாருக்கு மேல் இழுக்க வேண்டும் (ஊட்டியில் அளந்தால் இவ்வளவு வராது, வெளிக்காற்றே அங்கே குறைவு). கை பம்ப்பை ஆக்சுவேட்டரில் மாட்டி 0.6 பார் இழுங்கள். கம்பி தடையில்லாமல் முழுக்க நகர வேண்டும், முள் ஒரு நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். முள் இறங்கினால் டயஃப்ரம் ஓட்டை. முள் நின்று கம்பி தயங்கித் தயங்கி வந்தால் வேன்களில் கரி. இரண்டும் சரியென்றால் நடுவே உள்ள சோலினாய்டும் (வேக்கத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வு) குழாய்களும்தான். தோட்டத்துச் சாளையில் தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் எலி, அணில் கடித்த குழாய் அதிகம். அதற்கு மீன்தொட்டிக் குழாயை மாட்டுவதைப் பார்க்கிறோம். சூட்டில் இளகி, வேக்கத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். நூல் பின்னிய, கனமான சுவர் கொண்ட வேக்கம் ஹோஸையே வாங்குங்கள். ஆக்சுவேட்டர் கம்பியை முறுக்கி நீளத்தை மாற்றி பூஸ்ட் ஏற்றும் கைவேலை கூடவே கூடாது. உண்மையான கோளாறு அப்படியே இருக்கும், கீழ் ஆர்பிஎம்மில் ஓவர்பூஸ்ட் வந்து வண்டி லிம்ப் மோடுக்கு (இசியூ சக்தியைக் குறைத்துவிடும் பாதுகாப்பு நிலை) போகும்.

எக்ஸாஸ்ட் பக்கம் சுருக்கமாக: மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவே கேஸ்கெட்டில் கரிக்கோடு தெரிந்தால் டர்பைனைச் சுற்ற வேண்டிய வாயு வெளியே போகிறது. பிஎஸ்6 வண்டிகளில் டிபிஎஃப் (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைப்பையும் பாருங்கள். ஏர் ஃபில்டரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பல்லடம், திருப்பூர்ப் பக்கம் பஞ்சும் பொள்ளாச்சிப் பக்கம் நார்த்தூளும் சர்வீஸ் புத்தகத்தின் கிலோமீட்டருக்குக் காத்திருப்பதில்லை. கம்ப்ரசர் காற்றால் ஊதி மறுபடி போடுவதால் காகிதம் கிழியும், மாற்றுங்கள்.

எல்லாம் பார்த்த பிறகே டர்போ. ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தால் லேசான ஆட்டம் இருக்கலாம், எண்ணெய் இல்லாத நிலையில் அது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இறக்கை கூட்டைத் தொட்ட தடம் இருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். அப்படி மாற்றும்போது ஆயில் வரும் குழாயையும் பாஞ்சோ போல்ட்டையும் (அந்தக் குழாயை இறுக்கும், நடுவே துளையுள்ள போல்ட்) புதிதாகப் போடுங்கள், உள்ளே கரி அடைத்த பழைய குழாய் புது டர்போவையும் பட்டினி போட்டுக் கொல்லும். ஆயில் திரும்பும் குழாயில் அடைப்பில்லை என்று பாருங்கள், இன்டர்கூலரைக் கழற்றி உலோகத் துகளும் எண்ணெயும் போகக் கழுவுங்கள். ஆயிலும் ஃபில்டரும் புதிது. டர்போவின் ஆயில் துளையில் சுத்தமான ஆயிலை ஊற்றி ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றி வைத்து, ஆயில் விளக்கு அணையும்வரை சில விநாடிகள் கிராங்க் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிலேயே விட்டு இணைப்புகளில் கசிவு பாருங்கள். பிறகு பி0299 கோட்-ஐ அழித்து, அதே சாலையில், அதே மூன்றாவது கியரில் மறுபடி பதிவெடுத்து, பழைய பதிவோடு சேர்த்து வண்டிக்காரர் கையில் கொடுங்கள்.